போதிய நீர் என்றால் என்ன? துறவி நண்டுகளை முன்வைத்து விடுதி நண்பர்களுக்கு

எங்கள் ஆய்வு மாணவர் விடுதியின் பொது அறையில் ஆறு துறவி நண்டுகளை வாங்கி வளர்க்கலாம் என்று சென்ற வாரம் ஒரு முன்மொழிவு வந்தது. ஆய்வேட்டின் அழுத்தத்தில் உழல்பவர்களுக்கு ஓர் உயிரின் அருகாமை ஆறுதல் தரும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் எனக்குக் குறையேதும் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் விடுதியில் இடமில்லை. நண்டு குரைக்காது, மயிர் உதிர்க்காது, நாம் விடுமுறைக்கு ஊர் சென்றாலும் அதற்கொன்றும் ஆகாது, "தண்ணீர்கூட அதிகம் வேண்டாம்" என்பவை முன்வைக்கப்பட்ட காரணங்கள். நான் எதிர்த்துப் பேசினேன். "ஒரு நண்டுக்கா இவ்வளவு பேச்சு?" என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது. வரும் வெள்ளிக்கிழமை முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்குள், சிரிப்பில் அடங்கிப்போன என் வாதத்தை முழுமையாக எழுதிவிட நினைக்கிறேன். நீளமான பதிவுதான், பொறுமையோடு படியுங்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தில்லியில், ஒரு விடுதியின் பொது அறையில், துறவி நண்டை வளர்க்கக் கூடாது. "தண்ணீர் அதிகம் வேண்டாம்" என்ற வாக்கியம் முழுப் பொய். அந்த விலங்கைக் கொல்வதும் பெரும்பாலும் அந்த வாக்கியமே. இதை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. ஒரு நண்டைக் கொன்றவள் என்ற முறையிலும் சொல்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் என் அறைத்தோழி நகரத்து மீன்தொட்டிக் கடையொன்றிலிருந்து ஒரு துறவி நண்டை வாங்கி வந்தாள். நீல வண்ணம் பூசிய கூட்டுக்குள் இருந்தது. கம்பிவலை மூடியிட்ட ஒரு நெகிழிப் பெட்டி, அடியில் வண்ணக் கற்கள், ஒரு சிறு தட்டு, அதில் நனைத்த ஸ்பாஞ்சுத் துண்டு: கடைக்காரர் கொடுத்த உலகம் அவ்வளவுதான். பெயர் சூட்டும் பொறுப்பை, மொழியியல் படித்தவள் என்பதால், என்னிடம் விட்டாள். துறவி நண்டல்லவா, "பட்டினத்தார்" என்று வைத்தேன். என் நகைச்சுவையில் எனக்கே அன்று பெருமை.

அந்த மே மாதம் அவள் களப்பணிக்குச் சென்றாள். மூன்று வாரங்கள் நண்டு என் பொறுப்பில் இருந்தது. நாள்தோறும் ஸ்பாஞ்சை நனைத்தேன். இரண்டு உணவு உருண்டைகள் போட்டேன். முதல் வாரம் இரவில் கற்களின் மீது அது ஊரும் ஒலி கேட்கும். இரண்டாம் வாரம் அந்த ஒலி நின்றது. பெட்டியின் மூலையில் அசையாமல் இருந்தது. "நல்ல அமைதியான பிராணி" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நானும் அதை அமைதி என்றே எடுத்துக்கொண்டேன். "உன் பட்டினத்தார் தியானத்தில் இருக்கிறார்" என்று தோழிக்குச் செய்திகூட அனுப்பினேன். மூன்றாம் வாரம் ஒரு காலையில் அது கூட்டைவிட்டு வெளியே வந்து, மென்மையான வயிற்றுப்பகுதி முழுதும் தெரியக் கற்களின் மீது கிடந்தது. கூட்டைக் கைவிடுவது இவ்விலங்கு காட்டும் கடைசி அறிகுறிகளுள் ஒன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மறுநாள் அறையில் அழுகிய மீன் வாடை.

அதன் பிறகு வாசித்தேன். வாசிக்க வாசிக்க, தெரியாமல் நடந்த விபத்து என்று என்னை நானே தேற்றிக்கொள்ள முடியாமல் போயிற்று. தேவையான செய்திகள் எல்லாம் எப்போதும் எட்டும் தொலைவில்தான் இருந்தன. தேடத் தோன்றாமல் செய்தது அதன் பெயர்.

ஆகவே பெயரிலிருந்தே தொடங்குகிறேன். "துறவி நண்டு" என்பது ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. ஒரு கூட்டுக்குள் தனித்து ஒடுங்கியிருக்கும் தோற்றத்தைக் கண்டு ஐரோப்பியர் இட்ட பெயர் அது. ஜப்பானியர் இதே விலங்கை "யாடோகாரி" என்பர்; தங்குமிடத்தை இரவல் வாங்குவது என்று பொருள். ஒரே விலங்கை ஒரு மொழி எதுவும் வேண்டாதது என்று சொல்ல, இன்னொரு மொழி வீடு வேண்டி நிற்பது என்று சொல்கிறது. நாம் முதல் பெயரைக் கடன் வாங்கினோம். அதோடு அதன் உட்பொருளையும் வாங்கிக்கொண்டோம். துறவிக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். பராமரிப்பு வேண்டாம், துணை வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். விற்பவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பெயருக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நிலத்தில் வாழும் துறவி நண்டுகளின் அறிவியல் பெயர் இதற்கு நேர் எதிரானது. அந்தப் பேரினத்துக்கு 1829-இல் லாத்ரெய் என்னும் பிரெஞ்சு விலங்கியலாளர் இட்ட பெயர் "சீனோபிட்டா". பொது, வாழ்வு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது அது. தனித்துத் திரியும் துறவியைக் குறிக்காது. மடத்தில் பலரோடு சேர்ந்து வாழ்பவரைக் குறிக்கும். விலங்கின் நடத்தை இந்தப் பெயருக்கே சான்று சொல்கிறது. கடற்கரையில் ஒரு நல்ல கூடு காலியாகக் கிடந்தால், நண்டுகள் அதைச் சுற்றிக் கூடும். பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நிற்பதும் உண்டு. பெரிய நண்டு காலிக் கூட்டுக்குள் புகுந்ததும் அது விட்ட கூட்டுக்கு அடுத்தது மாறும். அது விட்டதற்கு அதற்கடுத்தது. ஹாரிசன் ஒயிட் என்னும் சமூகவியலாளர் மனிதர்களின் பணியிட மாற்றங்களை விளக்க 1970-இல் வகுத்த காலியிடச் சங்கிலி என்ற கருத்தை, பின்னர் ஐவன் சேஸ் இந்த நண்டுகளிடம் கண்டு காட்டினார். சமூகவியல் துறை நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்: உங்கள் கோட்பாட்டுக்கு உதாரணமாக நிற்கும் ஒரு விலங்கைத்தான் நாம் தனிமையின் சின்னமாகப் பெட்டிக்குள் அடைக்கிறோம்.

நான் வைத்த பெயரும் அதே பிழையைத்தான் செய்தது. பட்டினத்தாரைப் பற்றி வழங்கும் கதையொன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கையில் திருவோடும் பின்னால் ஒரு நாயும் வைத்திருந்த காரணத்தால் பத்திரகிரியாரை அவர் "சம்சாரி" என்றாராம். அந்த அளவுகோலின்படி பார்த்தால் முதுகில் வீட்டையே சுமந்து, அதற்குள் தண்ணீரையும் சேமித்து வைத்திருக்கும் இந்த நண்டு முழுச் சம்சாரி. சம்சாரிக்குத் தேவைகள் உண்டு. அவற்றுள் தலையாயது நீர்.

இனி அந்த நீரைப் பற்றி. கடலை "முந்நீர்" என்பது நம் பழைய வழக்கு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூன்றும் சேர்ந்தது என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. அதை மறுத்து வேறு விளக்கம் சொன்ன உரையாசிரியர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் நிலத் துறவி நண்டுக்கு மூன்று நீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை: காற்றில் ஒன்று, கிண்ணத்தில் இரண்டு.

முதலாவது, காற்றிலுள்ள நீர். இந்த நண்டு நிலத்தில் வாழ்ந்தாலும் செவுள்களால்தான் மூச்சுவிடுகிறது. செவுள் ஈரமாக இருக்கும்வரைதான் அது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்க முடியும். அதற்குச் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரை இருக்க வேண்டும். வெப்பநிலை 24 முதல் 29 பாகை செல்சியஸ். ஈரம் குறைந்தால் செவுள் உலரத் தொடங்கும். உடனே சாகாது, கூட்டுக்குள் சேமித்த நீரைக் கொண்டு நாள்கணக்கில், வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அந்தக் காலம் முழுவதும் நடப்பது மெல்லிய மூச்சுத்திணறல். அசைவு குறையும், உணவு குறையும், ஒரு மூலையில் ஒடுங்கும். நாம் அதைப் பார்த்து "அமைதி" என்போம். என் வாதத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இந்த விலங்கு சாகத் தொடங்கிய நிலையும், நாம் அதனிடம் விரும்பும் சாதுத்தன்மையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

தில்லியில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காட்டை ஒட்டி இறங்குவது வழக்கமானது. குளிர்காலத்தில் அறைச் சூடேற்றி, கோடையில் குளிர்சாதனம். இரண்டுமே காற்றை மேலும் உலர்த்துபவை. கம்பிவலை மூடியிட்ட பெட்டிக்குள் ஒரு ஸ்பாஞ்சை நனைத்து வைப்பது, தார்ப் பாலைவனத்தில் ஒரு செம்பு நீரைத் தெளித்துவிட்டு மழை பெய்ததாகச் சொல்வதற்குச் சமம். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடித் தொட்டி வேண்டும். உள்ளே ஓர் ஈரப்பதமானி வேண்டும். கண்ணால் பார்த்து ஈரத்தை அளக்க முடியாது. அந்த மானியின் விலை நாம் வாங்கும் ஒரு நூலின் விலையைத் தாண்டாது. ஆனால் நண்டை விற்கும் கடை அதைச் சேர்த்து விற்பதில்லை. விற்றால், நண்டு எளிய பிராணி அல்ல என்பது முதல் நாளே வாங்குபவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நன்னீர். மூன்றாவது, உவர்நீர். இரண்டும் தனித்தனிக் கிண்ணங்களில் எப்போதும் இருக்க வேண்டும். காரணம், நண்டு நீரைக் குடிப்பதோடு நில்லாமல் தன் கூட்டுக்குள்ளும் நிரப்பிக்கொள்கிறது. அந்த நீர்தான் அதன் மென்மையான வயிற்றையும் செவுளையும் நனைத்துக்கொண்டிருக்கும். அதன் உப்பின் அளவைத் தனக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள, சில நேரம் நன்னீரையும் சில நேரம் உவர்நீரையும் அது தேர்ந்தெடுக்கிறது. கரீபியக் கடலின் குராசோ தீவில் இந்த நண்டுகளின் நீர்ச் சிக்கனத்தை ஆராய்ந்து டி வில்டே என்பவர் 1973-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டு கடந்தும் கடைகளின் அறிவு நனைத்த ஸ்பாஞ்சைத் தாண்டவில்லை. அந்த ஸ்பாஞ்சும் சில நாளில் நுண்ணுயிர்கள் பெருகும் இடமாகிவிடுகிறது.

கிண்ணத்திலும் நுணுக்கம் உண்டு. நண்டு கூட்டோடு அமிழும் ஆழம் வேண்டும். ஏறி வெளியே வரச் சொரசொரப்பான கல்லோ வலையோ உள்ளே வேண்டும். ஏற வழியில்லாத ஆழமான கிண்ணத்தில் நிலத் துறவி நண்டு மூழ்கிச் சாகும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதிலுள்ள குளோரின் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் பெருமளவு வெளியேறிவிடும். குளோராமின் சேர்த்த நீராக இருந்தால் அப்படி வெளியேறாது, மீன்தொட்டிக்கான நீர்ச் சீராக்கியைக் கலக்கத்தான் வேண்டும். உவர்நீர் என்பது சமையல் உப்பைக் கரைத்த நீரன்று. கடல்மீன் தொட்டிகளுக்கென விற்கும் கடல் உப்புக் கலவையை, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற கடலின் அளவில் கரைக்க வேண்டும். கடலில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் உண்டு. நம் மேசை உப்பிலோ இவற்றுக்குப் பதிலாகக் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் இருக்கின்றன.

இந்த மூன்று நீரோடு முடிவதில்லை. மணலும் ஈரமாக இருக்க வேண்டும். நண்டு வளரும்போது தன் உடலின் புறஓட்டை உரிக்கிறது. இரவல் கூடு வேறு, இந்தப் புறஓடு வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். உரிப்பதற்காக அது மணலுக்குள் புதைந்துகொள்ளும். சிறியவை சில வாரங்களில் வெளிவரும். பெரியவை இரண்டு மூன்று மாதங்கள்கூட உள்ளே இருக்கும். புதைந்த இடத்தின் குகை இடியாமல் நிற்க, மணல் வீடு கட்டும் பதத்தில் ஈரம் வேண்டும்: ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஆழம் பெரிய நண்டின் கூட்டு உயரத்தைப் போல் மூன்று மடங்கு, எப்படியும் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல். வண்ணக் கற்களில் எந்த நண்டும் புதைய முடியாது. புதைய முடியாத நண்டு மேலேயே உரித்தால், பக்கத்தில் கிடக்கும் வெற்றோட்டைப் பிணமென்று எண்ணி, மென்மையாக அசைவற்றுக் கிடக்கும் உயிருள்ள நண்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவோர் உண்டு. உண்மையில் அந்த வெற்றோடு அதற்கு உணவு. கால்சியத்தை மீட்க அதையே தின்னும்.

இத்தனையும் ஒழுங்காகக் கிடைத்தால் துறவி நண்டு முப்பதாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. கடையில் வாங்கியது சில மாதம் இருந்தாலே "நன்றாக வளர்த்தோம்" என்று மகிழ்கிறோம்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கல்விச் சுற்றுலாவுக்குக் கடற்கரை செல்லும் மாணவர்கள் அலையோரத்தில் ஊரும் துறவி நண்டுகளைப் புட்டியில் போட்டு எடுத்து வருகிறார்கள். நம் கடற்கரைகளில் அலையோரத்தில் பெரும்பாலும் கிடைப்பவை சீனோபிட்டா அல்ல. கிளிபனேரியஸ், டயோஜெனிஸ் முதலிய கடல்வாழ் இனங்கள். அவற்றுக்குக் கடல்நீரே உலகம். நிலத் துறவி நண்டைத் தப்பிக்க வழியின்றி நீரில் வைத்தால் அது சாகும். கடல் துறவி நண்டை நீரில்லாப் பெட்டியில் வைத்தால் இது சாகும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒரே பெட்டியில் அடைக்கிறோம். சங்க அகப்பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் அலவன் ஆட்டி விளையாடியதைப் படித்திருக்கிறோம். அந்த விளையாட்டில் துரத்தப்படும் நண்டுக்கு ஓடி ஒளியத் தன் வளை இருந்தது. தில்லிக்கு வரும் தொடர்வண்டியில் அது இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். கூட்டத்தில் எழுந்தவை, தனியே வந்து சொல்லப்பட்டவை ஆகியவற்றுள் வலுவானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"நண்டுக் குழம்பு சாப்பிடுபவள்தானே நீ?" ஆம், சாப்பிடுபவள்தான். உணவுக்காகக் கொல்வதன் அறத்தைத் தனியே விவாதிக்கலாம். அதில் எனக்குத் தெளிவான விடை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழம்பு வைப்பவர் யாரும் நண்டை அன்போடு வளர்ப்பதாகச் சொல்வதில்லை. ஓர் உயிரை நம் மன ஆறுதலுக்காக வைத்துக்கொண்டு, அதற்குப் பெயரும் சூட்டி, மாதக்கணக்கில் மூச்சுத்திணற வைப்பதற்குக் குழம்பு எப்படி நியாயம் ஆகும்? ஒரு கேள்விக்கு விடை தெரியாதது, விடை தெரிந்த இன்னொரு கேள்வியைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது.

"நண்டுக்கு வலி தெரியுமா?" ராபர்ட் எல்வுட், மிரியம் அப்பெல் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு துறவி நண்டுகளையே கொண்டு செய்யப்பட்டது. கூட்டுக்குள் சிறிய மின்னதிர்ச்சி பெற்றவற்றுள், விருப்பம் குறைந்த வகைக் கூட்டில் இருந்தவையே அதிகமாக வெளியேறின. நல்ல கூட்டில் இருந்தவை பொறுத்துக்கொண்டன. துன்பத்தையும் வீட்டின் மதிப்பையும் எடைபோட்டுப் பார்க்கும் நடத்தை வெறும் அனிச்சைச் செயலாக இருக்க முடியாது என்பது அவர்களின் வாதம். பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்குகளின் உணர்திறன் சட்டத்தில் நண்டு, இறால் இனங்களையும் சேர்த்தது. மெய்யியல் ஐயம் இன்னும் எஞ்சலாம். அந்த ஐயத்தின் பலனை யாருக்குத் தருவது என்பதே கேள்வி. நமக்கே தந்துகொள்வதுதான் இதுவரை நம் வழக்கம்.

"இந்த நகரத்தில் மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறார்கள், நீ நண்டின் தண்ணீரைப் பற்றி எழுதுகிறாய்." என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்த மறுப்பு இது ஒன்றுதான். அந்த வரிசைகளை நானும் பார்க்கிறேன். அதன் முன் இந்தப் பதிவு சிறியது என்பதையும் அறிவேன். ஆனால் பட்டினத்தார் தில்லியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் சாகவில்லை. அவருக்கு வேண்டிய நீர் வாரத்துக்கு ஒரு வாளிகூட ஆகாது. அது எங்கள் குழாயில் வந்துகொண்டுதான் இருந்தது. தட்டுப்பாடு எங்கள் அக்கறையில். மேலும், தண்ணீரின் அருமையைச் சொல்லும் இந்த வாதம் நண்டை வாங்காமல் இருப்பதற்கான வாதம். வாங்கிவந்து உலர விடுவதற்கான வாதம் ஆகாது.

"சரி, நீ சொன்ன பட்டியல்படி எல்லாம் செய்தால் வளர்க்கலாம் அல்லவா?" ஒரு தனி மனிதர், நிலையான வீட்டில், முழுப் பொறுப்போடு செய்தால் நண்டு நன்றாக வாழும், அப்படி வளர்ப்பவர்களை மதிக்கிறேன். அவர்களிடமும் ஒரு கேள்வி எஞ்சும். இந்த நண்டுகளின் இளம்பருவம் கடலில் கழிவது. முதிர்ந்த பெண் நண்டு முட்டைகளை வெளியிடக் கடலுக்கே போகும். சிலர் பெருமுயற்சி செய்து சிறிய அளவில் தொட்டியில் இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள் என்றாலும், சந்தைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடிக்கப்பட்டவை. ஒன்றை நாம் வாங்கும்போது அடுத்ததைப் பிடிக்கச் சொல்கிறோம். ஜப்பான் தன் நிலத் துறவி நண்டுகளை 1970-லேயே இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்ததை இங்கே நினைக்கலாம்.

நம் முன்மொழிவு தனி மனிதருக்கானதும் அன்று, பொது அறைக்கானது. பொது அறையின் தண்ணீர்க் குடுவையை யார் நிரப்புவது என்பதே இந்த விடுதியில் இன்னும் தீராத வழக்கு. ஆய்வேட்டுக்கு ஐந்தாண்டு, ஆறாண்டு, நண்டுக்கு முப்பதாண்டு. இன்று கை உயர்த்துபவர்கள் பட்டம் பெற்றுப் போன பின் அடுத்தடுத்து வரும் ஐந்து தலைமுறை ஆய்வாளர்கள் அந்தக் கிண்ணங்களை நிரப்ப வேண்டும். அவர்களில் ஒருவரைக்கூட நாம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. டிசம்பர் விடுமுறையில் விடுதி காலியாகும்போது தொட்டியின் வெப்பத்தை யார் பார்ப்பது? ஜூனில் மின்சாரம் போனால்? "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்ற வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது. இலக்கணத்தில் "எல்லோரும்" எழுவாயாக நிற்கலாம். கிண்ணத்தை நிரப்ப அது எழுந்து வராது.

கடைசியாகச் சட்டம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் "விலங்கு" என்பதை மனிதர் அல்லாத எந்த உயிரினமும் என்றே வரையறுக்கிறது. நாய், பூனை, மாடு என்று பட்டியலிடவில்லை. நண்டும் அதற்குள் அடக்கம். அதன் 11-ஆம் பிரிவு, தன் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. "போதிய" என்ற அந்த ஓர் அடைமொழியில்தான் எல்லாம் இருக்கிறது. யாருக்குப் போதிய? கொடுப்பவருக்குப் போதும் என்று தோன்றுவதா, பெறுபவரின் உடலுக்குப் போதுவதா? நனைத்த ஸ்பாஞ்சு எனக்குப் போதிய நீராகத் தோன்றியது. பெறுபவரின் செவுளைக் கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். அடைமொழிகளின் பொருளைப் பற்றிப் பருவத்தாள் எழுதிய நான், நாள்தோறும் கையாண்ட இந்த ஒரு சொல்லின் பொருளை விசாரிக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. வெள்ளிக்கிழமை அந்த முன்மொழிவுக்கு எதிராகக் கை உயர்த்துங்கள். வண்ணம் பூசிய கூட்டோடு எங்கும் எந்த நண்டையும் வாங்காதீர்கள். அதன் பழைய வீட்டைப் பறித்துத்தான் பெரும்பாலும் அந்த வண்ண வீடு திணிக்கப்படுகிறது, உரியும் வண்ணத்தை அது தின்னவும் கூடும். கடற்கரைக்குப் போனால், உயிருள்ள நண்டை மட்டுமல்ல, காலிக் கூடுகளையும் அள்ளி வராதீர்கள். நமக்கு அலங்காரமாக இருப்பது அங்கே வரிசையில் நிற்கும் ஒன்றின் அடுத்த வீடு.

நம் விடுதியின் இரண்டாம் தளத்தில் ஏற்கெனவே இரண்டு நண்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வைத்திருப்பவர் யாரென்று நான் கேட்கவில்லை. குற்றம் சாட்டும் தகுதியும் எனக்கு இல்லை. தில்லியில் அவற்றைத் திறந்துவிட இடம் எதுவும் இல்லை. பிடித்த கடற்கரை எது என்று தெரியாமல் ஏதோ ஒரு கடலோரத்தில் கொண்டு விடுவதும் தவறு. எனவே அவை நன்றாக வாழ்வதற்கானதைச் செய்வதே இப்போது கடமை. என்னிடம் கண்ணாடித் தொட்டி ஒன்றும், பாதி மீதமுள்ள கடல் உப்புக் கலவையும், ஓர் ஈரப்பதமானியும் இருக்கின்றன. பட்டினத்தார் இறந்த மறுவாரம், மனம் ஆறாமல் வாங்கியவை. மானியை முதலில் அந்தப் பழைய நெகிழிப் பெட்டிக்குள் வைத்துத்தான் பார்த்தேன். ஸ்பாஞ்சை நன்றாக நனைத்த பிறகும் 31 என்று காட்டியது.

வேண்டுபவர் இரவு பத்து மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம். தொட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கூட நானும் வருகிறேன்.